இடுக்கண் அழியாமை யாருக்குச் சொல்லப்பட்ட அறம்?

துன்பத்தில் உடைந்துபோகாமல் மீண்டெழும் மனவலிமையை உளவியலார் மீள்திறன் என்கின்றனர். அகதி முகாம்களில் வளரும் இளைஞரிடம் அத்திறனைக் கண்டு வியப்பதும் அதை வளர்க்கப் பயிற்சி அளிப்பதும் நல்லவையே எனினும், துன்பத்தைத் தாங்குவது படுபவரின் கடமையா, நீக்க வல்லவரின் கடமையா என்னும் அறக்கேள்வி அந்த வியப்பிலேயே மறைந்துவிடுகிறது.

இலங்கையில் தமிழருக்கு எதிராக 1983 ஜூலையில் நடந்த வன்முறைக்குப் பின் அலையலையாகக் கடல் கடந்து வந்த ஈழத்தமிழருக்குத் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் அமைந்தன. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி முகாமும் அவற்றுள் ஒன்று. அங்கே பிறந்து, டிப்ளமோவோ பட்டமோ பெற்றுவிட்ட தலைமுறைக்குச் சிப்காட் ஆலைகளும் கர்நாடக எல்லையும் அருகிலேயே இருக்கின்றன. ஆயினும் வெளியூரில் தங்க அனுமதி பெற வேண்டும், அரசின் மாதாந்தரப் பணக்கொடைக்காகத் தணிக்கை நாளில் அதிகாரி விரித்துவைத்த பதிவேட்டின் முன் குடும்பத்தோடு நிற்க வேண்டும், என்ன படித்திருந்தாலும் கடைசியில் பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு கூலிக்குப் போக வேண்டும் என்பதே அவர்களுள் பலரின் நிலை. போரைக் கண்ணால் காணாத இவர்களின் சோர்வுக்குக் கடந்தகால அதிர்ச்சியைக் காட்டிலும் அடைபட்ட எதிர்காலமே காரணம். ஆதலால் பழைய காயத்தை ஆற்றும் முறைகள் இங்கே பாதி வேலையையே செய்கின்றன.

முகாமின் முதியோர் இதைத் தலைவிதி என்பர். ஆனால் திருக்குறளில் வள்ளுவர் விதியைப் பேசும் ஊழ் அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியில் வைத்தார்; விடாமுயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமையும், துன்பத்துக்குக் கலங்காமையைப் பேசும் இடுக்கண் அழியாமையும் பொருட்பாலில், உரையாசிரியர் பரிமேலழகர் வகுப்பின்படி அரசனைப் பற்றிய அரசியல் என்னும் பகுதியின் கடைசி அதிகாரங்களாக நிற்கின்றன. அவை எல்லார்க்கும் பொருந்துவன என்பதில் ஐயமில்லை. எனினும் கலங்காமை முதலில் கேட்கப்பட்டது செயலாற்றும் உரிமையுடைய ஆள்வோனிடம் என்பதை அந்த வைப்புமுறை உணர்த்துகிறது. அவ்வுரிமை மறுக்கப்பட்ட இளைஞனிடம் அதே பண்பை எதிர்பார்ப்பது, ஆள்வோர் சுமையை அவன் தோளில் ஏற்றுவதாகும். நாஜி வதைமுகாம்களில் உயிர்பிழைத்த உளமருத்துவர் விக்டர் ஃபிராங்கல், துன்பத்திலும் பொருள் காண முடியும் என்றவர். நீக்கக்கூடிய துன்பமாயின் அதன் காரணத்தை நீக்குவதே பொருளுள்ள செயல் என்று அவரே வரம்பும் இட்டார்.

எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் மக்களையே உளஆற்றுப்படுத்துநராகப் பயிற்றுவித்தது போற்றத்தக்கது. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி என்ற சொல்லை நீக்கி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றி, புதிய வீடுகளும் அறிவித்தது. இவை மனத்துக்கு ஊன்றுகோல்களே. அடைபட்ட எதிர்காலத்தைத் திறக்கும் கதவோ வேறிடத்தில், சட்டத்தில் இருக்கிறது. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என 2022இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்றது. ஆனால் இந்திய மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்னும் விதி 1987 ஜூலை 1 முதல் சுருக்கப்பட்டது; இன்று கெலவரப்பள்ளியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் வயதினர் யாவரும் அந்நாளுக்குப் பின் பிறந்தவர்களே.