மெருகும் மீள்குடியேற்றமும்

ஒரு வாங்கு உட்காருவதற்கு உரியது. நான்கு கால்களும் ஆடாது நின்றால் அதன் பயன் நிறைவேறிவிடும். அப்படியிருக்க, பொருத்திய பலகையை 80 ஆம் இலக்க உப்புத்தாளால் தேய்த்து, பின்னர் 120, இறுதியில் 220 என ஒரு பகல் முழுவதும் செலவழிப்பது எதற்காக? சந்தைக்குச் செய்பவனிடம் விடை உண்டு: பளபளப்பு விலையைக் கூட்டும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் பக்கத்தோடு அவன் நிறுத்திக்கொள்வான். அது அவன் குற்றமன்று. அவனுடைய நேரம் அவனுக்குச் சொந்தமன்று. தன் வீட்டுக்குத் தானே செய்பவனுக்கோ அந்த விடை உதவாது.

புத்தளம் கரையோரத்தில் இது வெறும் மரவேலைக் கேள்வியாக இருந்ததில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவர்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். கட்டிலும் அலுமாரியும் பின்னே நின்றன. வெளியேறியோரில் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் கிடுகுக் குடிசைகளில் ஒதுங்கினர். நாளையோ மறுநாளோ திரும்புவோம் என்றிருக்கும் ஒருவன், கிடைத்த வேப்பம்பலகையில் வாங்கு ஒன்று அடித்தால் அதற்கு மெருகிடலாமா? மெருகிடுவது இங்கேயே தங்கச் சம்மதித்ததாகிவிடாதா?

இந்த அச்சம் பொய்யன்று. 2007 இல் உலக வங்கியின் துணையோடு தொடங்கிய திட்டத்தின் கீழ்ப் பலர் கல்வீடு கண்டனர். 2009 இல் போர் முடிந்து அவர்கள் சொந்த ஊரை நாடியபோது, "உங்களுக்குத்தான் புத்தளத்தில் வீடு இருக்கிறதே" என்ற வாதம் எழவே செய்தது. வாழ்ந்ததையே வாழ்ந்தவனுக்கு எதிரான சாட்சியமாக்கும் வாதம் அது.

ஆகவே மெருகிடாது விட்டவனை நான் இகழேன். அவன் பலகையின் முரடு ஒரு மனு. ஆயினும் அம்மனுவை நாள்தோறும் படிப்பது அவன் பிள்ளையின் உடல்; அலுவலகம் அன்று. தொடையில் ஏறும் சிலாம்பு, இது நிரந்தரக் குடியா, தற்காலிகக் குடியா என்று விசாரிப்பதில்லை. கச்சான் கொண்டுவரும் உப்பீரமும் அவ்வாறே. மேற்பக்கம் மட்டும் வார்னிஷ் பூசிய பலகை அடிப்பக்கத்தால் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும். எனவே எவரும் பாராத அந்தப் பக்கத்தையும் தேய்த்துப் பூசத்தான் வேண்டும். அதுவும் நார் ஓடும் திசையிலே தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்த கீறல் அப்போது தெரியாது. வார்னிஷ் பட்டதும் எழுந்து நிற்கும்.

இவ்வளவும் செய்து முடித்த வாங்கு மன்னாருக்கோ முசலிக்கோ செல்லும் லொறியில் ஏறலாம், ஏறாமலும் போகலாம். எதுவாயினும், காணி கேட்டு வருபவனிடம் அலுவலர் கேட்கவேண்டியது 1990 க்கு முன் அந்த மண்ணில் யார் குடியிருந்தார் என்பதையே. வாங்கைப் பற்றி அவருக்குக் கேள்வி எதுவும் இருக்கலாகாது.