விட்டுப்போன கூலிக் கணக்கு

சாயல்குடி பக்கம் வானம் பார்த்த பூமி. அங்கே விளைகிற முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம்தான் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் தரும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு மருந்தடிக்க 150, 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். ட்ரோனுக்கு 10 லிட்டர் போதும். பத்தே நிமிஷத்தில் வேலை முடிஞ்சுடும். குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைகிற சீமையில் இது சின்ன விஷயமா, சொல்லுங்கள்!

நான் பி.காம். வரவைப் பார்த்தால் பற்று எங்கே என்று தேடுகிற புத்தி. முதுகில் டேங்க், முகத்தில் துண்டு, மூச்சில் விஷம் என்று மருந்தடித்த மனிதரை நினைத்துப் பாருங்கள். ட்ரோன் அவர் நுரையீரலைக் காப்பாற்றுகிறது. கூடவே, அவர் கூலியையும் பறிக்கிறது. 'விஷக் கூலிதானே, போகட்டுமே' என்று ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நாம் சொல்லிவிடலாம். அவர் வீட்டு உலைக்கு அது புரியுமா?

அப்போ ட்ரோன் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால், ரிமோட் யார் கையில்? மருந்தடித்தவர் வீட்டுப் பெண்ணுக்கே அதைப் பழக்கிக் கொடுத்தால் போன கூலி அதே வீட்டுக்குத் திரும்பும். இல்லாவிட்டால், மிச்சமான தண்ணீரை எழுதிவிட்டு, போன கூலியை எழுதாமல் விட்டதாகிவிடும். அதற்குப் பொய்க் கணக்கு என்றுதான் எங்கள் வாத்தியார் பெயர் சொல்லித் தந்தார்!