உணவு நஞ்சும் வணிக அறமும்

குற்றம் என்றவுடன் செய்தவன், செயல், துன்புற்றவன் என்னும் மூன்றையும் ஒரு கோட்டில் இணைத்துப் பார்ப்பது நமது வழக்கம். உணவின் வழியே உடலுட் புகும் நஞ்சைப் பொறுத்தவரை இக்கோடு இடையிலே அறுந்துவிடுகிறது. கோடு அறுந்த இடத்திற் பொறுப்பும் அறுந்துவிடுமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

1960இல் இங்கிலாந்தில் 100,000இற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீனியிற் சேர்ந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே காரணம் எனத் தெரியவந்தது. அது சுரக்கும் நஞ்சு அஃப்லடொக்சின் எனப்படும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் நிலக்கடலை, சோளம், கொப்பரா, செத்தல் மிளகாய் முதலியவற்றில் இது தோன்றும். சமையல் வெப்பத்தால் முற்றாக அழியாது. ஈரலிலே உருமாற்றமடைந்து டீ.என்.ஏ.யிலுள்ள குவானினுடன் பிணையும். கலங்களின் கட்டற்ற பெருக்கத்தைத் தடுக்கும் பி53 என்னும் பரம்பரையலகின் குறித்த ஓரிடத்தில், குவானினுக்குப் பதிலாகத் தைமின் அமையும் விகாரத்தைச் சீனாவிலும் ஆபிரிக்காவின் தென்பகுதியிலும் ஈரற் புற்றுநோயாளர் பலரிடம் ஆய்வாளர் 1991இல் கண்டனர். நஞ்சு தன் கையொப்பத்தை இட்டுச் செல்கிறது எனலாம். ஆயினும் அக்கையொப்பம் நஞ்சை மட்டுமே காட்டிக்கொடுக்கும்; எந்த வேளை உணவு, எந்தக் கடை, எந்த மூட்டை என்று சொல்லாது.

2021 மார்ச்சில் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் இந்நஞ்சு கண்டறியப்பட்டு, சரக்கைத் திருப்பியனுப்பப் பணிக்கப்பட்டது. துறைமுகத்திற் சோதனைக்கு வழியுண்டு. ஊர்க் கடைத்தெருவில் அது அத்துணை எளிதன்று. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைகளுள் வெள்ளம் புகுவது புதிதன்று. நனைந்த மிளகாய் மூட்டையை வெயிலில் உலர்த்தி விற்கும் வணிகன் ஒருவனைக் கற்பனை செய்வோம். உலர்த்தினால் ஈரம் போகும். தோன்றிவிட்ட நஞ்சு போகாது. "என் ஒரு மூட்டையால் எவரும் சாகப்போவதில்லை" என்று அவன் கூறின், அதனைப் பொய்யென நிறுவுதல் அரிது. பிரித்தானிய மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வாதத்தை ஆராய்ந்தார். தனித்து நோக்கின் உணரவியலாத தீங்குகள் பல சேர்ந்து பெருந்தீங்காகுமாயின், அவற்றிற் பங்குகொண்ட ஒவ்வொருவரும் தவறிழைத்தவரே என்பது அவர் கருத்து.

இஸ்லாமிய மரபு இதனை வேறொரு பக்கத்திலிருந்து அணுகுகிறது. சந்தையில் உணவுக் குவியலொன்றினுள் நபிகளார் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதையும், மழையில் நனைந்தது என்ற வணிகரிடம், மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவியதையும் ஹதீஸ் தொகுப்புகள் கூறும். அதை உண்டு எவரும் நோயுற்றதாக அங்கே செய்தியில்லை. விளைந்த தீங்கு எவ்வளவு என்பதன்று, அறிந்ததை மறைத்தாயா என்பதே அங்கு எழுந்த கேள்வி. இது மிக நுட்பமான நிலைப்பாடாகும். மூட்டை நனைந்ததை அறிந்தவன் விற்பவன் ஒருவனே. உண்பவன் இருபது ஆண்டுகளின் பின்னரும் அதனை அறியப்போவதில்லை. எனவே அறிவு எவனிடம் உண்டோ அவனிடமே கடமையும் உண்டு.

ஆயினும் வெள்ளத்தில் முதலிழந்த சிறுவணிகனிடம் மட்டும் முழு அறத்தையும் சுமத்துதல் நியாயமாகாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்ணத் தகாத உணவின் விற்பனையைத் தடைசெய்கிறது. தடை மட்டும் நட்டத்தை ஈடுசெய்யாது. அவன் எறியும் மூட்டையால் நலம் பெறுவோர் முகமறியாத பலர், இழப்பவனோ ஒருவன். ஆகவே உண்மையைச் சொல்வது வணிகன் கடமையாயின், சொன்னதனால் அவனுக்கு நேரும் இழப்பிற் பங்கேற்பது சமூகத்தின் கடமையாகும். முன்னதை வற்புறுத்திப் பின்னதை மறக்கும் சமூகம், ஈரத்தை அடியில் மறைக்குமாறு தானே கற்பிக்கிறது.