முழம் போட்டுப் பார்க்கும் குழந்தை

நம் மொழியில் 'விளையாட்டு' என்னும் சொல்லுக்கு இரட்டை வாழ்வு உண்டு. பொறுப்பற்றவனை 'விளையாட்டுப் பிள்ளை' என்கிறோம். பொருட்படுத்தத் தகாத பேச்சை 'விளையாட்டுக்குச் சொன்னது' என்று தள்ளிவிடுகிறோம். ஆயினும் இறைவன் மாந்தரிடையே நிகழ்த்தும் அருஞ்செயல்களுக்குத் தமிழர் சூட்டிய பெயர் 'திருவிளையாடல்' என்பது. விவிலியமும் இதற்கு மாறுபடவில்லை. உலகு படைக்கப்பட்டபோது ஞானம் இறைவனருகில் இருந்து மகிழ்ந்ததாக நீதிமொழிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திருச்சபை நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய இலத்தீன் மொழிபெயர்ப்பு, அவ்விடத்தில் ஞானம் 'விளையாடிற்று' என்றே சொல்கிறது. இறைவனுக்கு ஏற்புடைய சொல் குழந்தைக்கு மட்டும் இழுக்காவது எப்படி?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஐந்து வயதுக் குழந்தை வகுப்பறையில் புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தால், "அங்கே படிப்பே நடக்கவில்லை, விளையாட்டுத்தான் நடக்கிறது" என்று கூறும் பெற்றோர் நம்மிடையே மிகுதி. அதே வயதுக் குழந்தை ஆங்கில எழுத்துகளை நான்கு பக்கம் பார்த்தெழுதி வந்தால் மனம் நிறைகிறது. இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது குருக்களிடம் பெருமையோடு எடுத்துக் காட்டப்படுவதும் அந்தக் குறிப்பேடுதான். குழந்தை எதை அறிந்தது என்று நாம் கேட்பதில்லை. எவ்வளவு எழுதியது என்று கேட்கிறோம். இவ்விரு கேள்விகளுக்கும் இடையே ஓர் அறநெறிச் சிக்கல் மறைந்திருக்கிறது.

தேன் தடவிய மருந்தா?

கைவேலையாலும் விளையாட்டாலும் கற்பிப்பதை ஆதரிப்போர் பலரும், கசப்பு மருந்தின் மேல் தடவிய தேனாகவே அதனைக் கருதுகின்றனர். படிப்பு கசப்பானது, குழந்தை அதை விழுங்க வேண்டும், ஆகவே சற்று இனிப்பு சேர்ப்போம் என்பது அவர்களது எண்ணம். இவ்வெண்ணம் போதாது என்பது மட்டுமன்று, தவறுமாகும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம்.

கீரமங்கலம் பூச்சந்தையை அறியாதவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் குறைவு. மல்லிகையும் முல்லையும் சுற்றுக் கிராமங்களிலிருந்து அங்கு வந்து குவிகின்றன. சந்தையில் எடை போட்டு விற்கும் பூ, சரமாகத் தொடுக்கப்பட்டபின் தெருவில் முழக் கணக்கில் விற்கிறது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம் என்பதை இப்பகுதிக் குழந்தைகள் பள்ளிக்கு வருமுன்னரே அறிவர்.

ஓர் ஆசிரியை, வகுப்பிலுள்ள நீள இருக்கையை முழம் போட்டு அளக்குமாறு பிள்ளைகளிடம் கூறுகிறார் என்று கொள்வோம். ஒரு சிறுமி ஏழு முழம் என்கிறாள். உயர்ந்து வளர்ந்த சிறுவன் ஆறு என்கிறான். ஆசிரியை அளந்தால் ஐந்துகூட இல்லை. இருக்கை ஒன்றுதான், எண்கள் மட்டும் மூன்று. யார் பொய் சொன்னார்? எவரும் சொல்லவில்லை. அப்படியாயின் பிழை எங்கே? சற்று நேரம் வகுப்பில் சச்சரவு எழும். பின்னர் ஏதோ ஒரு குழந்தை, "எல்லோரும் ஒரே ஆளின் கையால் அளக்க வேண்டும்" என்று கூறும். அந்தக் கணத்தில் அளவுகோல் என்ற கருத்து அக்குழந்தையின் உள்ளத்தில் பிறந்துவிட்டது. மீட்டர் அளவைக் கரும்பலகையில் எழுதி நூறு முறை ஒப்புவிக்கச் செய்தாலும் அது இவ்வாறு பிறந்திருக்குமா? அதனோடு இன்னோர் உண்மையும் பிறந்திருக்கிறது: அளவு பொதுவாக இல்லாவிடில், கை நீண்டவரிடம் வாங்குபவருக்கு ஆதாயம், கை குட்டையானவரிடம் வாங்குபவருக்கு நட்டம். கணிதப் பாடம் நீதிப் பாடமாகவும் ஆகிவிட்டது.

இங்கே தேன் எது, மருந்து எது? பிரித்துக் காட்ட இயலாது. விளையாட்டே அறிதலாகவும் அறிதலே விளையாட்டாகவும் அமைந்துவிட்டன.

ஆசிரியரும் மருத்துவரும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித அக்குவினோ தோமா, 'உண்மை' பற்றிய தம் நூலில், ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குக் கற்பிக்க இயலுமா என்ற வினாவை எழுப்புகிறார். அவரது விடை ஆழமானது. நோயாளியைக் குணப்படுத்துவதில் முதன்மையாகச் செயல்படுவது அவனது உடலின் இயற்கை ஆற்றலே. மருத்துவர் அதற்குத் துணைநின்று வலுவூட்டுகிறார். அதுபோலவே மாணவனிடம் இறைவன் வைத்துள்ள அறிவொளிதான் கற்கிறது. ஆசிரியர் அதற்குத் துணை செய்கிறார். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு நீர் ஊற்றுவது போல அறிவை ஊற்ற முடியாது. மேலும், மனித அறிவு புலன்கள் வழியாகவே தொடங்குகிறது என்பதும் அப்புனிதரின் அடிப்படைக் கொள்கை. கண்ணும் கையும் கொண்டு வராத ஒன்றைப் பற்றிச் சிந்திக்க நம் அறிவுக்கு மூலப்பொருள் இல்லை.

இதை ஏற்றுக்கொண்டால் பின்விளைவு ஒன்று உண்டு. குழந்தையின் கையைக் கட்டிப்போட்டு, வாயை மட்டும் திறந்து ஒப்புவிக்கச் சொல்வது, இறைவன் அதற்குத் தந்த அறிவின் வாயிலை அடைப்பதாகும். அது கற்பித்தல் முறையில் நேர்ந்த குறை மட்டுமன்று. ஓர் ஆளுக்குச் செய்யும் அநீதி. குழந்தை நாளை மனிதனாகப் போகும் பொருள் அன்று, இன்றே மனிதன். அதன் அறியும் உரிமையும் இன்றைக்கே உரியது.

புனித அகுஸ்தீனாரும் இதனை வேறொரு கோணத்தில் உணர்ந்திருந்தார். சிறுவயதில் பந்து விளையாடியதற்காகத் தாம் அடிபட்டதை நினைவுகூரும் அவர், அடித்த பெரியவர்களும் விளையாட்டில்தான் ஈடுபட்டிருந்தனர் என்கிறார். அவர்களுடைய விளையாட்டுக்கு 'அலுவல்' என்று பெயர், அவ்வளவே வேறுபாடு!

மணலில் பிறந்த பாடம்

கைவழிக் கல்வி மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருதுவோர், நம் திண்ணைப் பள்ளிகளை மறந்தவர்கள். அங்கே குழந்தை முதலில் விரலால் மணலில் எழுதியது. எழுத்தின் வளைவைக் கண் அறியுமுன் விரல் அறிந்தது. பிழையானால் ஒரு தடவலில் அழித்துவிடலாம். அடிக்கோடிட்ட சிவப்பு மை அங்கில்லை. 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்ற ஆங்கிலிக்கக் குரு, நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக, மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் 'சென்னை முறை' இங்கிலாந்தின் பள்ளிகளுக்குள் நுழைந்தது. நம் மணல் கடல் கடந்தது. நாமோ அதைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டோம்.

இத்தாலியக் கத்தோலிக்கப் பெண்மணியும் மருத்துவருமான மரியா மொந்தெஸ்சோரி, 1907 சனவரி 6 அன்று உரோமையின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிக் கற்கச் செய்தது அவர் கண்ட வழிகளில் ஒன்று. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர் மூண்டதால் நாடு திரும்ப இயலாமல், சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். ஏழைகளின் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய முறை, இன்று நம் நகரங்களில் வசதி படைத்தோர் பெருங்கட்டணம் செலுத்திப் பெறும் கல்வியாகிவிட்டது. செல்வர் வீட்டுப் பிள்ளை மரக்கட்டைகளை அடுக்கினால் அது கல்வி. ஏழை வீட்டுப் பிள்ளை புளியங்கொட்டையை அடுக்கினால் அது விளையாட்டு! இந்த இருவேறு அளவுகோலை நாமும் நம்பத் தொடங்கியதே பெரும் சோகம்.

தரையில் அமர்ந்த ஆசிரியர்

தமிழக அரசுப் பள்ளிகளின் வரலாற்றில் ஓர் அரிய திருப்பம் 2003-இல் நிகழ்ந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையை முன்மாதிரியாகக் கொண்டு, அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்ற'லைத் தொடங்கினார். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் விரிந்தது. கற்றல் ஏணி, படம் வரைந்த அட்டைகள், பிள்ளைகளின் ஆக்கங்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், குழந்தையின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிலும் தாழ்வான கரும்பலகை ஆகியவை வகுப்பறைக்குள் வந்தன. குழந்தை தன் வருகையைத் தானே பதிவு செய்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார்.

அந்தத் தாழ்வான கரும்பலகையை நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை கரும்பலகை ஆசிரியரின் உயரத்தில் இருந்தது. குழந்தை அண்ணாந்து பார்த்தது. முதன்முறையாக அது குழந்தையின் கைக்கு எட்டும் இடத்துக்கு இறங்கிவந்தது. சீடரின் பாதங்களைக் கழுவக் குனிந்த ஆண்டவரை வணங்கும் நமக்கு இந்த இறக்கத்தின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

அம்முறையில் குறைகளும் இருந்தன. பல இடங்களில் அட்டையை எடுப்பதும் வைப்பதும் சடங்காகச் சுருங்கின. சிந்தனை இன்றி ஏணியில் ஏறியோரும் உண்டு. பின்னர் அம்முறை மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய, 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டது. அதில் பிள்ளைகளின் நிலைகளுக்கு இடப்பட்ட பெயர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்பன. பூப்பறிக்கும் கீரமங்கலத்து மக்களுக்கு இப்பெயர்கள் கூறும் உண்மை எளிதில் விளங்கும். அரும்பை விரலால் பிரித்து மலராக்க முயன்றவர் எவரும் இல்லை.

எதிர்வாதங்கள் இரண்டு

மனப்பாடம் தேவையில்லையா என்று சிலர் கேட்பர். தேவையே. வாய்ப்பாடும் செய்யுளும் செபங்களும் நெஞ்சில் பதிய வேண்டியவையே. ஆனால் பொருளறிந்தபின் பதிவது கருவூலம். பொருளறியாமல் பதிவது சுமை. பல்லாங்குழியில் நான்கு நான்காக முத்துகளைப் போட்டுப் பழகிய குழந்தைக்கு நான்காம் வாய்ப்பாடு தான் கண்ட ஒன்றின் சுருக்கம். பழகாத குழந்தைக்கு அது வெறும் ஓசை.

மற்றோர் எதிர்வாதம் இன்னும் வலியது: 'செயல்பாடு' என்ற பெயரில் வேடிக்கை மட்டும் நடப்பதில்லையா? நடக்கிறது. கடையில் வாங்கிய தெர்மாகோல் மாதிரியைக் குழந்தை பள்ளிக்குச் சுமந்து செல்கிறது. இரவெல்லாம் விழித்து ஒட்டியது தாய். கண்காட்சியில் பாராட்டுக் கிடைக்கிறது. குழந்தை ஒன்றும் அறியவில்லை. கை அசைந்தால் மட்டும் அறிவு வளராது. எனவே வகுப்பறையில் எழுப்ப வேண்டிய வினா 'பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா' என்பதோடு நின்றுவிடலாகாது; 'இங்கே சிந்தித்தது யார்' என்பதே உரைகல். முழம் போட்ட வகுப்பில் சிந்தித்தது குழந்தை. தெர்மாகோல் மாதிரியில் எவரும் சிந்திக்கவில்லை.

தானே சிந்தித்த குழந்தை சில வேளைகளில் ஆசிரியரையும் மறுத்துரைக்கும். "டீச்சர், நீங்கள் சொன்னது சரியாக வரவில்லை" என்று சொல்லும். கீரமங்கலத்தின் பெயரை நக்கீரரோடு இணைத்துச் சொல்வது இவ்வட்டார வழக்கு. இறைவனே எதிர்நின்றபோதும் பாட்டில் கண்ட பிழையைப் பிழையென்றே உரைத்த புலவர் அவர் என்பது மரபு. அத்தகையவரைப் போற்றும் மண்ணில், வினவும் குழந்தையை 'வாயாடி' என்று அடக்குவது பொருந்துமா? கைவழிக் கல்வியைப் பெரியவர்களாகிய நாம் உள்ளூர அஞ்சுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

நம் கடன்

இம்மாவட்டத்து மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. 1991-92-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில், புதுக்கோட்டைச் சிற்றூர்ப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் பயின்றனர். மிதிவண்டியை எவரும் சொற்பொழிவு கேட்டுக் கற்கவில்லை. ஏறினர், விழுந்தனர், மீண்டும் ஏறினர். அன்று மிதிவண்டி ஓட்டிய இளம்பெண்கள் பலர் இன்று பாட்டிமார். தம் பேரக் குழந்தை 'விளையாடிக்கொண்டே இருக்கிறது' என்று வருந்துமுன், தாங்கள் கற்ற விதத்தை அவர்கள் நினைவுகூர்வார்களாக.

சட்டமும் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் ஆகியவற்றின் வழியே கற்றலை வலியுறுத்துகிறது. உடல் தண்டனையைத் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குப் பெரும்பான்மை இடமளிக்கிறது. அக்குழுவில் அமரும் நம் பொதுநிலையினர் எத்தனை பேர்? கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தத் துணியும் நாம், அருகிலுள்ள பள்ளியின் வகுப்பறையில் அரைமணி நேரம் அமர்ந்து பார்க்கத் துணிவதில்லை.

நம் மறைக்கல்வி வகுப்புகளையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நன்று. நம் நம்பிக்கையே தொட்டறியும் நம்பிக்கை: நீர், எண்ணெய், அப்பம், இரசம். ஆண்டவர் இறையாட்சியைக் கடுகு விதையிலும் புளிப்பு மாவிலும் காட்டினார். தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்ற தோமாவிடம் அவர் தம் கைகளை நீட்டினார். அந்தத் தோமாவின் பெயரைப் போற்றும் நாம், மலைப்பொழிவின் மலர்களைப் பற்றிக் கற்பிக்கும்போது, பிள்ளைகளை ஒரு கொல்லைக்கு அழைத்துச் சென்று பூவைக் காட்டுவதில்லை. வினா விடையை ஒப்புவிக்கச் சொல்கிறோம்.

குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்களைக் கண்டு ஆண்டவர் கோபம் கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். அச்சீடர்கள் கொடியவர்கள் அல்லர். முக்கியமான போதனை நடக்கும் இடத்தில் குழந்தைகள் இடையூறு என்று நினைத்த நல்லவர்கள். 'படிப்புக்கு இடையூறு' என்று குழந்தையின் கையிலிருந்து புளியங்கொட்டையைப் பிடுங்கும்போது நாமும் அந்த இடத்தில்தான் நிற்கிறோம். ஆண்டவரோ குழந்தைகளை அரவணைத்து, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசி வழங்கினார்.