கருவியும் இருதயமும்



எரேமியாஸ் தீர்க்கதரிசியின் ஆகமம் 36-ம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் வருகிறது. சர்வேசுரன் அருளிய வாக்குகளைத் தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, பாரூக் என்பவர் ஒரு சுருளில் எழுதினார். அது குளிர்காலம். யோவாக்கீம் அரசன் கணப்புச் சட்டியின் முன் உட்கார்ந்திருந்தான். வாசிக்க வாசிக்க அச்சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். சுருள் முழுதும் சாம்பலாயிற்று. தேவ வாக்கோ அழியவில்லை. சர்வேசுரன் கட்டளைப்படி தீர்க்கதரிசி மறுபடியும் சொன்னார். பாரூக் மறுபடியும் எழுதினார். முன்னிலும் அதிகமாகவே எழுதினார். சொல்ல ஒரு வாயும், கேட்டு எழுத ஒரு கையும் மிச்சமிருந்தன அல்லவா?

நம் காலத்துச் சுருள் கைப்பேசியும் கணினியுமே. இவற்றை நான் பழிக்க வரவில்லை. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழையது, சேசு சபைக் குருவான ஹென்றீக்கஸ் சுவாமியாரின் "தம்பிரான் வணக்கம்." 1578-ம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 16 பக்க ஞானோபதேச நூல் அது. உலகில் இப்பொழுது அறியப்பட்டுள்ள பிரதி ஒன்றே ஒன்று. அதுவும் அமெரிக்காவில் ஹார்வார்டு சர்வகலாசாலையில் இருக்கிறது. அன்றைக்குப் படம் பிடித்துப் பல இடங்களில் வைக்க வழி இருந்திருந்தால், இவ்வளவு அருமைப்பட்டுப் போயிருக்குமா? வத்திக்கான் நூலகத்தார் தங்களிடமுள்ள சுமார் 80,000 கையெழுத்துச் சுவடிகளைப் படமாக்கி, எவரும் வீட்டிலிருந்தே இலவசமாய்ப் பார்க்கும்படி செய்துவருகிறார்கள். 2014-ல் இதற்காக ஒரு ஜப்பானிய நிறுவனத்தோடு உடன்படிக்கையும் செய்தார்கள். இது பெரிய உபகாரம்.

ஆனால் என் குற்றம் ஒன்றை உங்களுக்கு அறிக்கையிட வேண்டும். முன்பு நான் இருந்த ஒரு பங்கில் வயதான பாட்டியம்மாள் ஒருவர் இருந்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை தேவமாதாவின் வியாகுல ஒப்பாரியை ஏடு பாராமல் பாடுவார்கள். கேட்ட கண்கள் நனையும். ஒருநாள் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். "இனிக் கவலையில்லை" என்று இருந்துவிட்டேன். மறு பிரதி எடுக்கவில்லை. சில மாதத்தில் கருவி தண்ணீரில் விழுந்து கெட்டது. "மறுபடி பதிவு செய்துகொள்ளலாம்" என்று நாளைக் கடத்தினேன். அதற்குள் பாட்டியம்மாள் அவஸ்தைப்பூசுதல் பெற்று, நல்ல மரணம் அடைந்தார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு வந்த பேத்தி, "சுவாமி, பாட்டி குரல் உங்களிடம் இருக்கிறதல்லவா?" என்று கேட்டாள். நான் தலை குனிந்தேன். நான் பதிவு செய்த அன்றே இரண்டு சிறுமிகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால், அந்த ஒப்பாரி இன்றும் அவ்வூரில் கேட்கும்.

இது என்னைப்போன்ற அசட்டைக்காரனுக்கு மட்டும் நேரிடுவதன்று. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைக் கள்வர் தாக்கினார்கள். அங்கே படமாக்கி வைத்திருந்த சுவடிகளைப் பல மாதம் வெளியார் பார்க்க முடியாமற்போயிற்று.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவனிடம் பத்துக் கற்பனைகளைக் கேட்டேன். "அம்மா போனில் இருக்கிறது, சுவாமி" என்றான். போனில் இருக்கிற கற்பனை, திருட்டு மாங்காயைப் பறிக்கக் கை நீளும்போது பேசுமா? மனதில் இருப்பதல்லவா பேசும்! பாட்டுக் கட்டுகிறவனுக்கும் கதை எழுதுகிறவனுக்கும் முதல் இதுவே: உள்ளே ஊறிக் கிடப்பதுதான் புதிதாய்ப் பிறக்கும்.

தேவமாதா தாம் கண்டதையும் கேட்டதையும் எல்லாம் தமது இருதயத்தில் வைத்துக் காத்தார்கள் என்று அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தில் காண்கிறோம். நாமும் அவ்வாறே செய்வோம்.

நம் பங்கிலும் வியாகுல ஒப்பாரி தெரிந்த முதியோர் மூன்று நான்கு பேரே இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் அவர்களைக் கோவில் மண்டபத்துக்கு அழைத்து வாருங்கள். பிள்ளைகளும் வரட்டும். பதிவு செய்வோம், இம்முறை மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைப்போம். ஆனால் முதலில் பிள்ளைகள் உட்கார்ந்து, கேட்டு, வாயால் பாடிப் படிக்கட்டும்.

பெற்றோரே, உங்கள் தாய் தகப்பனிடம் பெற்ற செபங்களில் ஒன்றையாவது இவ்வாரம் பிள்ளைக்கு மனப்பாடமாய்க் கொடுங்கள். பெற்றதைக் குறையாமல் கொடுத்துப்போகும் வரத்தை வியாகுல மாதா நமக்குப் பெற்றுத் தருவார்களாக.

ஆமென்.