வாத்தியார் மாறினால் பாட்டு யாருடையது?

பாஸ்குத் திருநாளும் பெந்தகோஸ்தே திருநாளும் கழிந்துவிட்டால் நம் கோயில் பாடகர்களுக்குச் சற்றே ஓய்வு. தபசு காலத்து வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை, பரிசுத்த வாரத்து நீண்ட சடங்குகள், பாஸ்குச் சனி இரவுப் பூசை என்று தொண்டை கட்டப் பாடியவர்கள், ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடிவைக்கும் காலம். குருக்களுக்கும் கன்னியர்களுக்கும் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் மாற்றல் வருவதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். ஆகவே நம் திண்டுக்கல் சீமையில் பாட்டுக் காலம் முடிவதும் பாட்டு வாத்தியார் மாறுவதும் பல பங்குகளில் ஒன்றாகவே நேர்ந்துவிடுகின்றன. போகிறவருக்குச் சால்வை போர்த்துகிறோம், வருகிறவருக்கு மாலை போடுகிறோம். அடுத்த ஞாயிறு பார்த்தால் பாடகர் பலகையில் பாதி இடம் காலி.

"ஏன் தம்பி வரவில்லை?" என்று கேட்டால், "அவர் இல்லாத இடத்தில் நின்று பாட மனசு வரவில்லை அண்ணே" என்கிறான்.

இதைக் குற்றமென்று உடனே தள்ளிவிட எனக்கு மனமில்லை. சரிகமபதநி என்றால் என்னவென்று தெரியாத பையனை, மாலை வேலை முடிந்து வந்தவனை, மடியில் தாளம் தட்டித் தட்டிப் பாடகனாக்கியவர் அவர். அவரை மறவாதிருப்பது நன்றி, நன்றி புண்ணியமன்றோ? ஆயினும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனை நாளும் இவன் பீடத்தை நோக்கிப் பாடினானா, வாத்தியாரை நோக்கிப் பாடினானா?

வாத்தியார்மார் பக்கமும் ஒரு வழக்கு உண்டு. நான் சிறுவனாயிருந்தபோது எங்களுக்குக் கற்பித்த ஒருவர், விலகிப் போகையில் பாட்டு நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். "நான் கைப்பட எழுதியது" என்றார். அது உண்மைதான். ஆனால் திருநாளன்று இரண்டாம் சரணம் ஒருவருக்கும் தெரியாமல், முதற் சரணத்தையே மூன்று தரம் பாடி ஒப்பேற்றினோம். பூட்டுக்குப் பேர்போன ஊர் இது. பூட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொள்ளும் ஆசாரியை நாம் என்ன சொல்வோம்? நோட்டு அவருடையதாகவே இருக்கட்டும். அதிலிருந்த பாட்டை இருபது பிள்ளைகள் தங்கள் மூச்சைக் கொடுத்தல்லவா பாட்டாக்கினார்கள்?

சென்னையில் எம். பி. சீனிவாசன் என்ற இசையமைப்பாளர் இருந்தார். மலையாளப் படங்களுக்கு மிகுதியாக இசையமைத்தவர். 1970-ஐ ஒட்டி மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவைத் தோற்றுவித்தார். ஒருவர் பாட மற்றவர் கேட்பதே சங்கீதம் என்றிருந்த நாட்டில், பலர் கூடிப் பல குரலில் பாரதியார் பாடல்களைப் பாடும்படி செய்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். ஆசான் போனபின் அந்தக் குழு கலைந்துபோகவில்லை. அவரிடம் பயின்றவர்களே தொடர்ந்து பாடிவந்தார்கள். அவர் மேலிருந்த அன்பை அவர்கள் வராமலிருந்து காட்டவில்லை, வந்து பாடிக் காட்டினார்கள்.

ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் நடந்தது இன்னும் விசேஷம். அங்குள்ள தோமையார் ஆலயத்தில் 1723 முதல் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பித்தவர் செபஸ்தியான் பாக். (லூத்தரன் சபையார்தான், நல்ல சங்கீதத்துக்கு வேலி இல்லை.) அவர் நோயுற்றதும், உயிரோடிருக்கையிலேயே, 1749 ஜூன் மாதத்தில் நகரசபையார் ஹாரர் என்பவரை அடுத்த வாத்தியாராகப் பரீட்சை பார்த்துவிட்டார்கள். பாக் மேலும் ஓராண்டு இருந்து 1750 ஜூலையில்தான் இறந்தார். அந்தப் பரீட்சைச் செய்தி காதில் விழுந்தபோது கிழவருக்கு எப்படி இருந்திருக்கும்! வேலை நடக்கவேண்டுமென்ற அக்கறை நியாயமே. ஆனால் நியாயமான காரியத்தையும் ஈரமில்லாமல் செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஹாரருக்குப் பின் வந்த டோலஸ், பாக்கிடம் பயின்றவர். 1789-ல் மொஸார்ட் அந்த ஊருக்கு வந்தபோது, இந்த டோலஸின் பிள்ளைகள் பாக் எழுதிய எட்டுக் குரல் பாட்டொன்றைப் பாடினார்கள். மொஸார்ட் திகைத்து, அதன் ஏடுகளை வாங்கி மடியிலும் நாற்காலிகளிலும் பரப்பிவைத்து, முற்றும் பார்த்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லையென்று ரோக்லிட்ஸ் என்பவர் எழுதியிருக்கிறார். ஆசான் இறந்து 39 ஆண்டு. அவர் முகத்தைக்கூடக் கண்டிராத பையன்களின் வாயில் அவர் பாட்டு இருந்தது. ஏடு அங்கேயே இருந்ததல்லவா அதற்குக் காரணம்!

நம் ரோமாபுரியிலும் மனத்தாங்கல் இல்லாமலில்லை. சிஸ்டைன் ஆலயப் பாடகர் குழுவை 1956 முதல் நடத்திய பர்த்தலூச்சி சுவாமியார், ஆயுள்வரைக்கும் என்று நியமிக்கப்பட்டவர். 1997-ல் அவரை மாற்றினார்கள். அவருக்கு அது சம்மதமாயில்லை. 2010-ல் அவரைக் கர்தினாலாக்கினார்கள் என்பது வேறு கதை.

புதிதாய் வருகிறவருக்கும் ஒரு வார்த்தை. வந்த முதல் மாதமே பழைய மெட்டுகளையெல்லாம் "இது பிசகு" என்று தள்ளி, கீபோர்டில் புது மெட்டு வாசிக்கத் தொடங்கினால், பிள்ளைகளுக்கு அது வாத்தியாரையே தள்ளியதாகத்தான் படும். பாட்டு பிசகாயிருக்கலாம், அதில் ஒட்டியிருக்கும் நினைவு பிசகல்லவே. தாவீது இராசாவின் காலத்தில் ஆலயப் பாடகர் 288 பேருக்கும் முறை வகுக்கையில், குரு சீடன் என்ற வித்தியாசம் பாராமல் சீட்டுப் போட்டார்கள் என்று வேதாகமத்தில் வாசிக்கிறோம். விலகிய வாத்தியார் அதே பங்கில் குடியிருந்தால், அவரையும் பலகையில் ஓரிடத்தில் உட்காரச் சொல்லலாம். உட்காருவதற்கு அவருக்குத்தான் பெரிய மனசு வேண்டும்.

எங்கள் நோட்டு பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. அவர் இறந்தபின் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்து பார்த்தால், நாங்கள் ஞாபகத்திலிருந்து பாடிப் பாடி, பாதி வரிகள் மாறியிருந்தன. அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு எந்தப்படி பாடுவதென்று எங்களுக்குள் பெரிய வழக்கு. கடைசியில் காணிக்கைக்கு அவர் எழுதியபடியும், நன்மை வாங்கும்போது எங்கள் வழக்கப்படியும் பாடினோம்.