இரண்டாவதாக வருகிறவர்

கூத்தாநல்லூரில் அருவி கிடையாது. வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் இந்தச் சமவெளி ஊரில் தண்ணீர் மேலிருந்து விழுவதைப் பார்க்க வேண்டுமானால், ரெகுலேட்டரில் ஷட்டரைத் தூக்கும்போதுதான் பார்க்கலாம். அதனாலேயே இங்கிருந்து வேன் பிடித்துக் கொடைக்கானலுக்கும் கொல்லிமலைக்கும் போகிற பிள்ளைகளுக்கு அருவி மேல் அவ்வளவு ஆசை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகளும் நல்ல கேமராவோடு சேர்ந்துகொள்கிறார்கள். எல்லோரும் நின்று எடுத்த இடத்திலேயே நின்று எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. பாதை முடிகிற இடத்தில் புதரை விலக்கிக்கொண்டு ஓடையோடு இறங்கினால் யாரிடமும் இல்லாத படம் கிடைக்கும். இறங்கலாமா?

உயிருக்கு ஆபத்து, கூடாது என்பது வழக்கமான பதில். 2022 ஆகஸ்டில் தாண்டிக்குடி மலையின் புல்லாவெளி அருவியில், நண்பர் படம்பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் பாறை வழுக்கி விழுந்து இறந்துபோனார். அந்த மலைத் தண்ணீர் ஆத்தூர் காமராஜர் அணைக்கு வந்து, குடகனாறாக ஓடி, அமராவதியில் கலந்து, கடைசியில் காவிரியில்தான் சேருகிறது. டெல்டாக்காரர்களுக்கு அது வேற்று மலை அல்ல.

‘என் உயிர், என் விருப்பம்’ என்று ஒருவர் சொல்லலாம். வயது வந்தவர் தெரிந்தே ஏற்கும் ஆபத்தைத் தடுக்க மற்றவர்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் விழுந்தவரைத் தேடி அதே ஈரப்பாறையில் கயிறு கட்டி இறங்குகிறவர்கள் தீயணைப்புத் துறையினர். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீ பரவியபோது, மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். டாப் ஸ்டேஷன் வழிக்குத்தான் அனுமதி இருந்தது, அவர்கள் போனதோ கொழுக்குமலைக்கு என்று வனத்துறை அப்போது சொன்னது. இருட்டில் மேலே ஏறிக் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்களில் உள்ளூர் மக்களும் இருந்தார்கள். வழி விலகுகிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை.

விழாமல், சிராய்ப்புகூட இல்லாமல், நல்ல படத்தோடு பத்திரமாகத் திரும்பி வருகிறவர்தான் இந்தக் கேள்வியை உண்மையில் கடினமாக்குகிறார். அவர் யாருக்கு என்ன கெடுதல் செய்தார்? நேரடியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. மிதிபட்ட பாசி நாளடைவில் தேறிவிடும். ஆனால் அவர் படத்தை வெளியிடுகிறார், பெரும்பாலும் இடத்தின் பெயரோடு. அதைப் பார்த்து இரண்டாவது ஆள் வருகிறார், பிறகு இருபதாவது ஆள். டெல்டாவில் இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அறுவடை முடிந்த வயலில் ஒருவர் அவசரத்துக்குக் குறுக்கே நடப்பார். பத்து நாளில் அது தடமாகிவிடும். உழவு நேரத்தில் அந்த மண் மட்டும் கெட்டித்துக் கிடக்கும். வயல்காரர் முள் வெட்டிப் போட்டுத்தான் அதை அடைக்க வேண்டும். முதலில் நடந்தவர் அந்த முள்ளைப் பார்த்திருக்கவே மாட்டார். மலைச்சரிவில் முள் போட ஆளும் இல்லை. அங்கே காலடித்தடம் மழையில் ஓடையாகும், மண் அரிபட்டுக் கீழே போகும்.

கேரளத்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 2020-இல் ஓர் ஆய்வாளர், விழுந்து கிடந்த மரக்கட்டைகளுக்கு அடியில் ஏழு கேலக்ஸி தவளைகளைக் கண்டார். விரல்நுனி அளவே இருக்கும் அரிய உயிர். கறுத்த உடம்பெல்லாம் வெளிர்நீலப் புள்ளிகள். மறு ஆண்டு அவர் திரும்பிப் போனபோது கட்டைகள் புரண்டு கிடந்தன, சுற்றிலும் செடிகள் மிதிபட்டிருந்தன, தவளை ஒன்றுகூட இல்லை. படமெடுக்க வந்தவர்கள் அவற்றைக் கையால் பிடித்து இடம் மாற்றி வைத்து எடுத்தார்கள் என்றும், இரண்டு தவளைகள் செத்தன என்றும் பிறகு தெரியவந்தது. அவர்களில் யாரும் தவளையைக் கொல்லப் போகவில்லை. அழகு என்றுதான் போனார்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். படம் எடுக்கப்படாத காடு யாருக்கும் தெரியாமலேயே அழியலாம். மின்திட்டத்துக்காக மூழ்கவிருந்த கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு 1984-இல் தேசியப் பூங்கா ஆனதென்றால், அந்தக் காட்டுக்குள் போனவர்கள் வந்து எழுதியதும் பேசியதும் ஒரு காரணம். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனும் காடு காடாகப் போய், யானை மேல் உட்கார்ந்து படமெடுத்தவர்தான். ஆனால் 1950 முதல் 1996 வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவர் எழுதிவந்த பத்தி, படித்தவர்களுக்கு விலங்கையும் பறவையையும் அறிமுகப்படுத்தியது. செல்பேசியில் இடக்குறியீட்டோடு ஏற்றப்படும் படம் தருவது பெரும்பாலும் வழியை மட்டும்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘விழிப்புணர்வு’ என்று பேசுவது நியாயமாகப் படவில்லை. இடத்தின் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. அது பாதித் தீர்வு. ‘நான் பார்த்துவிட்டேன், நீ வராதே’ என்பது அறமாகாது. மற்றவர் வரக்கூடாத இடம் என்றால் தானும் போயிருக்கக்கூடாது.

சட்டமும் இருக்கிறது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தில் 40 வழிகள் திறக்கப்பட்டன. தலையாறு அருவியை, அந்த 297 மீட்டர் வெள்ளைக் கோட்டை, வத்தலக்குண்டு மலைப்பாதையின் டம்டம் பாறையிலிருந்தே முழுதாகப் பார்க்கலாம். அந்தப் படம் ஆயிரம் பேரிடம் இருக்கும்தான். இருந்தால் என்ன?

வெளியூர்க்காரர் ‘பாதையே இல்லை’ என்று சொல்லும் காட்டில் பளியர் பழங்குடியினருக்கு வழி உண்டு. தேனுக்கும் கிழங்குக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்வது அவர்களுடைய உரிமையைத்தான், கேமராவோடு வருகிறவருடையதை அல்ல. ஆகவே முறையான அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் கூடாது. வழிகாட்டி பாதி வழியில் நின்று, ‘இதுக்கு மேல வேண்டாங்க, கீழே யானை நிக்குது’ என்றால் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றாலும் திரும்பத்தான் வேண்டும். அங்கே குடியிருப்பவர் அவர்.